ஆயில் கேட்ச் கேன்: எது தேறும், எது தேறாது, யாருக்குத் தேவையே இல்லை

ஆன்லைன் கடைகளில் ஆயில் கேட்ச் கேன் என்று தேடினால் கைக்கு அடக்கமான அலுமினிய டப்பாக்கள் வரிசையாக வந்து நிற்கும். பக்கவாட்டில் இரண்டு குழாய் முனைகள், அடியில் ஒரு வடிகால் திருகு, சிலவற்றின் தலையில் ஒரு குட்டி ஃபில்டர். விலை ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி பல ஆயிரம் வரை போகிறது. விளக்கத்தில் எல்லாருமே ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: கார்பன் படியாது, மைலேஜ் கூடும், பிக்கப் கூடும்.

மைலேஜையும் பிக்கப்பையும் முதலிலேயே கழித்துவிடலாம். இந்த டப்பாவுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். எஞ்சினின் கிராங்க்கேஸிலிருந்து (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை) வரும் வாயு இன்டேக்குக்குள் (எஞ்சினுக்குக் காற்று போகும் பாதை) போகும் முன்பு அதிலுள்ள ஆயிலையும் தண்ணீரையும் பிரித்துப் பிடித்து வைப்பது. அந்த வேலை உங்கள் எஞ்சினுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி. விற்பனைக்கு இருப்பவற்றில் பாதி அந்த ஒரு வேலையையும் சரியாகச் செய்வதில்லை. இன்னொரு வகை அதைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு எஞ்சினுக்குக் கெடுதல் செய்கிறது.

டப்பாவுக்கு முன்னால் வால்வு

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். ஒர்க்‌ஷாப்பில் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள், புத்தகத்தில் ப்ளோ-பை. எரியாத பெட்ரோல், புகை, நீராவி, சுழலும் கிராங்க் அடித்துத் தெறிக்கும் ஆயில் துளிகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். மிச்சம் கொஞ்சம் கிராங்க்கேஸுக்கு வரும். அதை வெளியேற்றாவிட்டால் ஆயில் கெடும், அழுத்தம் ஏறும், சீல்கள் கசியும்.

பழைய வண்டிகளில் இந்த வாயுவை ஒரு குழாய் வழியே நேராகச் சாலையில் விட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் புகைமூட்டத்தை எதிர்த்த முதல் நடவடிக்கைகளில் ஒன்று அந்தக் குழாயை மூடி, வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி எரிக்க வைத்தது. அதுதான் பிசிவி (பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்) அமைப்பு.

சாதாரண பெட்ரோல் எஞ்சினில் இரண்டு பாதைகள். ஒன்று, வால்வு கவரிலிருந்து பிசிவி வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி). மற்றொன்று, ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள குழாயிலிருந்து வால்வு கவருக்கு. இரண்டாவது வழியாகச் சுத்தமான காற்று உள்ளே வரும், முதல் வழியாக அழுக்கு வாயு வெளியேறும். வால்வுக்குள் ஒரு ஸ்ப்ரிங்கும் ஒரு பிளஞ்சரும் இருக்கின்றன. ஐடிலில் மேனிஃபோல்டு வேக்குவம் பலமாக இருப்பதால் பிளஞ்சர் இழுபட்டு வழியைக் குறுக்கும். சீரான ஓட்டத்தில் நடுவில் நின்று நிறைய வாயுவை விடும். பேக்ஃபயர் வந்தால் பின்னால் தள்ளப்பட்டு முழுதாக மூடும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது வேக்குவமே இருக்காது. அப்போது வாயு இரண்டாவது பாதையில் பின்பக்கமாக ஏறி ஏர் ஃபில்டர் குழாய்க்கு வரும். ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் ஈரம் தெரிந்தால் வழக்கமாகக் காரணம் இதுதான். எஞ்சின் போய்விட்டது என்று உடனே பயப்பட வேண்டியதில்லை.

‘எஞ்சின் ஆயில் குடிக்கிறது, கேட்ச் கேன் போடலாமா’ என்று கேட்பவர்களில் பலருக்குத் தேவை ஒரு புது வால்வும், அது உட்காரும் ரப்பர் கிராமெட்டும்தான். பெரும்பாலான இந்திய பெட்ரோல் கார்களுக்கு வால்வு தனியாகக் கிடைத்தால் விலை சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். வால்வு அடைத்துக்கொண்டால் வால்வு கவர் கேஸ்கெட்டும் பின்பக்க மெயின் சீலும் கசியும், டிப்ஸ்டிக் தானாக மேலெழும்பும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஐடில் ஏறும், கலவை லீனாகும் (காற்று கூடி பெட்ரோல் குறையும்), ஸ்கேனரில் பி0171, பி0507 மாதிரி பிழைக் குறியீடுகள் வரும். வால்வுக்குப் பதில் ரப்பர் டயஃப்ரம் வைத்த எஞ்சின்களில் அது கிழிந்தால் விசில் சத்தம் கேட்கும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கவே முடியாதபடி உறிஞ்சிப் பிடித்திருக்கும்.

கேன் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைக்குப் பைசா செலவில்லை. எஞ்சின் சூடாகி ஐடிலில் இருக்கும்போது வால்வைக் கிராமெட்டிலிருந்து கழற்றி, அதன் வாயில் கட்டைவிரலை வையுங்கள். பலமாக இழுக்க வேண்டும், உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். இழுவையே இல்லையென்றால் வால்வோ ஹோஸோ மேனிஃபோல்டு துளையோ கார்பனால் அடைத்திருக்கிறது. வால்வை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வந்தால் நல்லது என்று சொல்லித் தருவார்கள். அது பாதிச் சோதனைதான். ஸ்ப்ரிங் தளர்ந்த வால்வும் கலகலக்கும். கிராங்க்கேஸ் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து ஊதினால் நிற்க வேண்டும். (வாயால் நேரடியாக ஊத வேண்டாம், ஒரு துண்டு ரப்பர் குழாய் வைத்துக்கொள்ளுங்கள்.) கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவிப் போடலாம்தான். ஆனால் இந்த விலைக்குப் புதிது வாங்குவதே மேல். டயஃப்ரம் வகையில் அந்த கிளீனரைத் தொடவே கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்து, நிறம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் செருகுங்கள். இரண்டு பக்க நீர்மட்ட வித்தியாசத்தில் ஒவ்வொரு 10 மில்லிமீட்டரும் ஏறத்தாழ ஒரு மில்லிபார். நல்ல பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் தண்ணீரை எஞ்சின் பக்கம் லேசாக இழுக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் டயஃப்ரம் உள்ள சில ஜெர்மன் எஞ்சின்களில் 10 முதல் 15 மில்லிபார் வரை இழுப்பதும் இயல்பே. தண்ணீரை வெளியே தள்ளினால் அடைப்பு, அல்லது ரிங் தேய்மானம். ஒரு எச்சரிக்கை: ஆயில் மூடி உறிஞ்சிப் பிடித்திருக்கும் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். மற்ற வண்டிகளிலும் குழாயின் ஒவ்வொரு கையும் ஒரு மீட்டராவது இருக்கட்டும்.

அடைப்பு எதுவும் இல்லை, ஆனாலும் அழுத்தம் என்றால் கம்ப்ரஷன் டெஸ்டும் லீக்டவுன் டெஸ்டும் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) பாருங்கள். லீக்டவுன் 20 சதவீதத்தைத் தாண்டி, காற்று ஆயில் மூடி வழியாகச் சீறினால் அது ரிங். அங்கே கேட்ச் கேன் போடுவது நோயை மறைக்கும் வேலை.

யாருக்கு வேண்டாம், யாருக்கு வேண்டும்

இன்டேக் போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினுக்குக் கேட்ச் கேன் வேண்டாம். மாருதியின் 1.2 கே சீரிஸ், ஹூண்டாயின் 1.2 கப்பா, ஹோண்டாவின் 1.2 ஐ-விடெக் எல்லாம் இந்த ரகம். இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே இருப்பதால், வரும் கொஞ்சநஞ்ச ஆயில் அங்கே கார்பனாக நிற்பதில்லை. பிசிவி வால்வையும் ஹோஸையும் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் வேறு கதை. ஹூண்டாய், கியாவின் 1.0 டர்போ ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, மாருதியின் 1.0 பூஸ்டர்ஜெட் ஆகியவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. வால்வைக் கழுவ யாருமில்லை. ஆயில் துளி சூடான வால்வில் விழுந்து கருகிப் படியும். இங்கே நல்ல கேன் உதவும். ஆனால் படிவை முழுதாக நிறுத்தாது, குறைக்கும். வால்வு கைடு சீல் வழியாக இறங்கும் ஆயிலை எந்தக் கேனும் பிடிக்காது. டொயோட்டாவின் டி-4எஸ் மாதிரி போர்ட், டைரக்ட் இரண்டு இன்ஜெக்டரும் உள்ள எஞ்சினில் தயாரிப்பாளரே இந்தப் பிரச்சினைக்கு வழி செய்துவிட்டார். அங்கே கேன் வீண் செலவு.

டீசலில் ஆதாயம் இன்னும் தெளிவு. டீசலில் மேனிஃபோல்டு வேக்குவம் கிடையாது. ப்ளோ-பை டர்போவுக்கு முன்னால் இன்டேக்கில் சேர்ந்து, டர்போ வழியாக இன்டர்கூலருக்குப் போய் அங்கே ஆயிலாகத் தேங்கும். பிறகு மேனிஃபோல்டில் இஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை இன்டேக்குக்குத் திருப்பும் அமைப்பு) கொண்டு வரும் கரியோடு கலந்து தார் போல ஒட்டும். அதிக கிலோமீட்டர் ஓடிய டீசலின் மேனிஃபோல்டைக் கழற்றினால் துவாரம் பாதியாகச் சுருங்கியிருப்பதைப் பார்க்கலாம். ஆயிலைத் தடுத்தால் கரி வறண்டு போகும், ஒட்டுவது குறையும்.

வாங்கும் முன் இன்னொன்று: பானெட்டைத் திறந்து, வால்வு கவரிலிருந்து இன்டேக்குக்கு வெளியே தெரியும்படி ஹோஸ் போகிறதா பாருங்கள். பல புதிய எஞ்சின்களில் பிரிப்பானும் வால்வும் பாதையும் வால்வு கவருக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. இடையில் கேனை இணைக்க ஹோஸே இல்லையென்றால் பேச்சு அதோடு முடிந்தது.

சந்தையில் உள்ள மூன்று ரகம்

தலையில் ஃபில்டர் வைத்த டப்பாவை முதலில் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதைத்தான் அதிகம் விற்கிறார்கள். கிராங்க்கேஸ் வாயு உள்ளே வரும், ஃபில்டர் வழியாக பானெட்டுக்குள் வெளியேறும். இன்டேக்குக்கு எதுவும் திரும்பாது. பந்தயத்தடத்தில் ஓடும் வண்டிக்கு இது பொருந்தலாம். தினசரி வண்டிக்குத் தேறாது. காரணம் மூன்று. கிராங்க்கேஸை இழுத்துச் சுத்தப்படுத்தும் வேக்குவம் போய்விடுகிறது, நீராவி ஆயிலிலேயே தங்குகிறது. பெட்ரோல் வாசனை ஏசி வென்ட் வழியாகக் கேபினுக்குள் வரும். மூன்றாவது, பாரத் ஸ்டேஜ் வண்டிக்கு வகை அங்கீகாரம் தரும்போது கிராங்க்கேஸ் வாயு காற்றில் கலக்கக் கூடாது என்பதற்குத் தனிச் சோதனையே இருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டையே கழற்றி வீசும் வேலை இது. உள்ளே போகும் காற்றின் அளவை மாஃப் சென்சார் வைத்து எண்ணும் வண்டியில் சென்சாருக்குப் பின்னால் உள்ள ப்ரீதர் பாதையை (மேலே சொன்ன இரண்டாவது பாதை) இப்படித் திறந்துவிட்டால், கணக்கில் வராத காற்று உள்ளே போய் கலவை லீனாகும்.

இரண்டாவது, மூடிய இரண்டு முனை அலுமினியக் கேன். பெரும்பாலானோருக்கு இதுதான் சரியான ரகம், ஆனால் தரம் தலைகீழாக மாறும். வந்ததும் மாட்டாதீர்கள், திறந்து பாருங்கள். வெறும் காலி டப்பா என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு முனையில் நுழையும் வாயு மறுமுனைக்கு நேராகப் பாய்ந்துவிடும், ஆயில் சுவரில் மோதவே மோதாது. உள்ளே வரும் குழாய் வாயுவை ஒரு தடுப்புத் தகட்டில் மோத வைக்க வேண்டும். வெளியேறும் வாய்க்கு முன் வலையோ, சின்டர்டு (பொடியை அழுத்திச் சுட்ட) வெண்கல ஃபில்டரோ இருக்க வேண்டும். வெண்கல ஃபில்டருக்கு ‘10 மைக்ரான்’ என்று பெருமையாக எழுதுவார்கள். ப்ளோ-பையில் மிதக்கும் ஆயில் துளிகளில் பெரும்பாலானவை அதைவிடப் பொடி. ஆக, அந்த எண்ணை வைத்து விலை கொடுக்க வேண்டாம். பெரிய துளிகளையும் குளிர்ந்து சேர்ந்த துளிகளையும்தான் இந்த ரகம் பிடிக்கும்.

தடுப்புத் தகட்டுக்குப் பதில் இரும்புக் கம்பளியைத் திணித்து விற்கும் கேன்களைத் தொடவே வேண்டாம். அதிர்விலும் துருவிலும் இழை உடைந்து இன்டேக்குக்குள் இழுபடும். சிலிண்டர் சுவரைக் கீறுவதற்கு அது போதும்.

விளம்பரத்தில் யாரும் சொல்லாத ஒன்று, முனையின் உள் துவாரம். வெளியே 15 மி.மீ. என்று சொல்லப்படும் முனையின் உள்ளே 9 மி.மீ. துளைதான் போட்டிருப்பார்கள். பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் பாதையில் இதனால் பாதகமில்லை, அங்கே வால்வின் துளையே சில மில்லிமீட்டர்தான். டீசலிலோ, டர்போவுக்கு முன்னால் சேரும் ப்ரீதர் பாதையிலோ இது ஆபத்து. முழு லோடில் வாயு வெளியேற முடியாமல் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறும். டர்போவின் ஆயில் திரும்பி வடிவதும் அப்போது தடைபடும், புகை வரும். கம்பெனி ஹோஸின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து, அதற்குக் குறையாத முனையுள்ள கேனையே எடுங்கள்.

பக்கத்தில் ஒளி ஊடுருவும் குழாயை ஒட்டி, ஆயில் மட்டம் தெரியும்படி செய்த கேன்கள் பார்க்க அழகு. சூட்டில் அந்தக் குழாய் கடினமாகி முதலில் கசிவது அங்கேதான். சின்ன டிப்ஸ்டிக் வைத்தது மேல். கொள்ளளவு 300 மி.லி. தாராளம். 750 மி.லி. டப்பா இடத்தைத்தான் அடைக்கும். காற்றுக் கசிவைப் பார்க்க ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் குழாய் செருகி ஊதிக்கொண்டே வாளித் தண்ணீரில் முக்குங்கள். மூடி விளிம்பிலும் வடிகால் திருகிலும் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஓ-ரிங்கை மாற்றுங்கள். அப்படியே மாட்டினால் மேனிஃபோல்டு வேக்குவம் அந்த வழியாகக் காற்றை இழுக்கும்.

மூன்றாவது ரகம் கேட்ச் கேன் என்பதைவிடப் பிரிப்பான். ஜெர்மனியின் மான்+ஹம்மல் செய்யும் புரோவென்ட் 200 இதில் பெயர் பெற்றது. ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் மாதிரியான டீசல் வண்டிகளில் இதைப் பொருத்துவது சகஜம். உள்ளே மாற்றக்கூடிய நார் எலிமென்ட். பொடித் துளிகள் அதில் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துக் கீழே வடியும். வெண்கல ஃபில்டர் விட்டுவிடும் அளவுகளை இது பிடிப்பதற்குக் காரணம் அதுதான். அதைவிட முக்கியம், எலிமென்ட் அடைத்துக்கொண்டால் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு உடம்பிலேயே இருக்கிறது. அலுமினிய டப்பாவில் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அடைத்தால் சீல்தான் பலி.

குறைகள்: ஆள் பெரிய உருவம், ஹேட்ச்பேக் பானெட்டுக்குள் இடம் தேட வேண்டும். முனை 25 மி.மீ., நம்மூர் டீசல்களின் ஹோஸ் அதைவிடச் சிறிது, ரெட்யூசர் வேண்டும். எலிமென்ட் மாற்றும் செலவு தொடர்ந்து வரும். இதே உருவத்தில் நகல்களும் ஏராளமாக விற்கின்றன. விலை பாதிக்கும் கீழே இருந்தால் அந்த எலிமென்ட் எதனால் செய்தது என்று கேட்கவே வேண்டாம். அதிக கிலோமீட்டர் ஓட்டும் எஸ்யுவி, பிக்கப் டீசல்காரருக்கு இந்தச் செலவு நியாயம். சிறிய பெட்ரோல் காருக்கு இது மிகை.

பொருத்துவதில் எங்கே தவறுகிறது

கேனோடு வரும் ஹோஸைத் தூக்கிப் போடுங்கள். பெரும்பாலும் அது சிலிக்கானோ, ஹீட்டர் ஹோஸ் போன்ற இபிடிஎம் ரப்பரோதான். இபிடிஎம் ஆயில் பட்டால் ஊறி உப்பும், சிலிக்கான் ஆயிலைக் கசியவிட்டு வெளியே பிசுபிசுக்கும். நைட்ரைல் ரப்பர் ஃப்யூல் ஹோஸ், அல்லது ஃப்ளோரோ ரப்பர் உள்ளடுக்கு உள்ள ஹோஸ் வாங்குங்கள். இரண்டு முதல் இரண்டரை மீட்டர் பெரும்பாலான கார்களுக்குப் போதும். வேக்குவத்தில் சப்பிப்போகாத தடித்த சுவர் வேண்டும். திருகி இறுக்கும் பல் வைத்த சாதாரண கிளாம்ப் (வார்ம் டிரைவ்) மெல்லிய ஹோஸை அறுத்துவிடும், ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடம்: எஞ்சின் மேலேயே மாட்டக் கூடாது, சூட்டில் ஆவி குளிராது, அதிர்வில் பிராக்கெட் முறியும். ஸ்ட்ரட் டவர் பக்கமோ பேட்டரித் தட்டுக்கு அருகிலோ, காற்றுப்படும் இடத்தில் உடம்போடு பிணையுங்கள். டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் மேலே வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டு ஒழுகினால் தீ. ஹோஸ் எஞ்சினிலிருந்து கேனுக்கு ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் தொங்கினால் தண்ணீர் அங்கே தேங்கி வழியை அடைக்கும். அடியில் வடிகால் திருக கை போகிறதா, பானெட் மூடுகிறதா என்பதை ஹோஸ் வெட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

டர்போ பெட்ரோலில் எந்தப் பாதையில் போடுவது? நகர ஓட்டத்தில் நேரத்தின் பெரும்பகுதி மேனிஃபோல்டு வேக்குவத்தில்தான் கழியும், ஆகவே வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள பாதைக்குத்தான் முன்னுரிமை. டர்போ அழுத்தம் (பூஸ்ட்) ஏறும்போது மேனிஃபோல்டு அழுத்தம் பின்னால் பாயாமல் தடுக்கும் ஒருவழி வால்வு பெரும்பாலும் பிசிவி வால்விலேயே இருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கேனை மட்டும் வைத்தால் டர்போ முழு அழுத்தத்தையும் கிராங்க்கேஸுக்குள் ஊதும். டிப்ஸ்டிக் எகிறும், சீல் பிதுங்கும். இணையத்தில் ‘பிசிவி டெலீட்’ என்ற பெயரில் இதையும் விற்கிறார்கள், பக்கத்தில் போகாதீர்கள்.

பொருத்தும் முன் ஓபிடி ஸ்கேனரில் ஐடில் ஆர்பிஎம்மையும் லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம்மையும் (கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) குறித்துக்கொள்ளுங்கள். பொருத்தி நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் மறுபடி பாருங்கள். ட்ரிம் ஐந்து சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. மேலே சொன்ன யூ குழாய்ச் சோதனையையும் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். முன்பு இருந்த இழுவை குறைந்திருந்தால் கேன் வழியை அடைக்கிறது என்று பொருள்.

வடிப்பதும், வடிவதைப் படிப்பதும்

முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒருமுறை வடித்து, அளவுக் குவளையில் பாருங்கள். அதை வைத்து எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை வடிப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம். கேன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைய விடாதீர்கள். அதற்கு மேல் போனால் வளைவிலும் பிரேக்கிலும் தளும்பி, பிடித்த ஆயில் மொத்தமும் இன்டேக்குக்கே போகும். டீசலில் ஒரே மூச்சில் அவ்வளவு ஆயில் போனால் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடின்றி ஓடவும் கூடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

ஆரோக்கியமான எஞ்சினில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சில தேக்கரண்டிதான் சேரும். 100 மி.லி. அளவுக்குச் சேர்ந்தால் கேனைப் பாராட்டாமல் ரிங்கைச் சந்தேகியுங்கள். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், கிராங்க் அதை அடித்து நுரைத்துத் தள்ளும். சர்வீஸில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி அனுப்புவது புதிதல்ல.

பால் ஊற்றிய டீ நிறத்தில் குழம்பு வந்தால் பலர் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று கலங்குகிறார்கள். கூலன்ட் மட்டம் குறையாமல் இருந்தால் அது ப்ளோ-பையின் நீராவிதான். நாலைந்து கிலோமீட்டர் போய் அணைக்கும் ஓட்டம், மழைக்காலம், ஊட்டி, கொடைக்கானல் குளிர் இருந்தால் இன்னும் அதிகம் வரும். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் குறையும். டொரண்டோ, ஒஸ்லோ பக்கம் ஓட்டுபவர்களுக்கு இதே தண்ணீர் பெரிய வில்லங்கம். கேனுக்குள்ளும் ஹோஸிலும் அது உறைந்து வழியை அடைத்தால் கிராங்க்கேஸ் அழுத்தம் சீலைப் பிதுக்கிவிடும். குளிர்காலம் முழுக்கக் கேனைக் கழற்றிக் கம்பெனி ஹோஸையே மாட்டிவிடுவது உத்தமம். பொருத்தும்போது கம்பெனி ஹோஸை வெட்டாமல் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், அதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வாரண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வாரண்டிக் காலத்தில் எஞ்சின் கோளாறு வந்தால், கேன் பொருத்தியதை வைத்துக் கம்பெனி கையை விரிக்க இடமுண்டு. வாரண்டி முடியும் வரை ஆயிலை நேரத்துக்கு மாற்றி, சரியான கிரேடு ஊற்றி ஓட்டுவதே போதும். சீக்கிரம் ஆவியாகாத நல்ல சிந்தெடிக் ஆயில், கேன் பிடிப்பதில் ஒரு பகுதியை எஞ்சினிலிருந்து கிளம்பவே விடாது.

வடித்ததைத் திரும்ப எஞ்சினில் ஊற்றாதீர்கள், அதில் பெட்ரோலும் அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கிறது. சாக்கடையிலும் வேண்டாம். மூடியுள்ள பாட்டிலில் சேர்த்து, அடுத்த ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலோடு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். வெண்கல ஃபில்டரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் மண்ணெண்ணெயில் அலசி, முழுதாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். மூடியின் ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் அப்போதே மாற்றிவிடலாம்.